அன்றாடத் தெருவைப் படமெடுக்க: ஒரு கணக்குப்பிள்ளையின் குறிப்புகள்

மதுரைக்குத் தெருப்படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் 50 மீட்டருக்கு மேல் உயரம். கண் தானாகவே அங்கே போய்விடுகிறது. மீதிப் பேர் குனிந்து தேடுகிறார்கள்: கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர், முகமெல்லாம் சுருக்கம் விழுந்த மூதாட்டி, கை நீட்டும் குழந்தை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, நம் கண்ணுக்கு நேர் உயரத்தில், ஊர் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் படமெடுப்பது எப்படி என்றுதான் எழுதப்போகிறேன்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரி இல்லை. கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, தெற்குமாசி வீதி வழியே கடைக்கு நடப்பேன். மாலையில் அதே வழியில் திரும்புவேன். என் படங்கள் பெரும்பாலும் இந்த நடையில் கிடைத்தவை. ஆரம்பத்தில் கைப்பேசி மட்டும்தான். ஒரு சீட்டு எடுத்த பணத்தில் பிறகு சின்னதாக ஒரு கேமரா வாங்கினேன். இன்றைக்கும் பாதிப் படங்கள் கைப்பேசியில் எடுப்பவைதான்.

தினமும் நடக்கிற வழியே போதும்

படமெடுப்பதற்காகப் புது ஊருக்குப் போகாதீர்கள். புது ஊரில் எல்லாமே அழகாகத் தெரியும். அங்கே நாம் எடுப்பது நம் வியப்பைத்தான். பழகிய தெருவில் அந்த வியப்பு எப்போதோ வடிந்திருக்கும். அதற்குப் பிறகும் ஏதோ ஒன்று உங்களை நிற்க வைக்கிறது என்றால், அதில் விஷயம் இருக்கிறது. சால் லைட்டர் என்ற அமெரிக்கர் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரே வீட்டில் குடியிருந்தார். உலகம் இன்று கொண்டாடும் அவருடைய வண்ணப்படங்களில் பெரும்பகுதி, அந்த வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்துக்குள் எடுத்தவை. 2013இல் இறக்கும் வரை அவருக்கு அந்தத் தெருக்கள் அலுத்ததாகத் தெரியவில்லை.

வழியைத் தேர்ந்தெடுத்ததும் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, முதல் வாரம் ஒரு நேர அட்டவணை எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்தக் கடை எப்போது திறக்கிறது, யார் வாசல் தெளிக்கிறார்கள், பள்ளி வேன் எந்த முக்கில் நிற்கிறது, வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் உணர்ச்சி எங்கிருந்தோ திடீரென்று வந்து குதிப்பதில்லை. பேருந்துக்கு இருப்பதுபோல் அதற்கும் நேரம் உண்டு. நேரம் தெரிந்தவர் நிறுத்தத்தில் நிற்கிறார். தெரியாதவர் பின்னாலேயே ஓடுகிறார்.

ஓர் உதாரணம். எங்கள் வீதியில் காலையில் சரக்கு லாரி வந்து நிற்கும். சுமை இறக்கும் அண்ணன்மார்கள் தலைத்துண்டை உதறி, சுருட்டி, சும்மாடு கட்டுவார்கள். ஒவ்வொருவர் கட்டும் விதமும் ஒவ்வொரு மாதிரி. அவர்களில் வயதில் மூத்தவர், முதல் மூட்டையைத் தூக்குவதற்கு முன் அதை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாக்கில் ஒட்டியிருக்கும் மிளகாய்த் தூசி கண்ணில் படாமலிருக்கக் கையை ஒரு முறை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் ஒற்றுவார். இரண்டு நொடியில் முடிந்துவிடும். இரண்டாவது மூட்டைக்குக் கிடையாது. முதல் மூட்டையை விட்டால் மறுநாள்தான். வெறுமனே வீதியைச் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு இது அகப்படவே அகப்படாது. லாரி எங்கே நிற்கும், பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும், அந்த வேளையில் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

வெயிலைப் படிப்பது

மதுரையின் பழைய நகரத்தில் வெளிச்சத்தைக் கற்றுக்கொள்வது எளிது. கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகின்றன. ஏறத்தாழ நான்கு திசைகளையும் பார்த்தபடி. ஆகவே வடக்குமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் நேர் கிழக்கில் எழும்போது வெயில் இந்த வீதிகளுக்குள் நீளவாக்கில் பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை வெளிச்சம் வீதியின் வடக்கு வரிசைக் கடைகளில் விழும். ஆனி, ஆடியில் அப்படியே மாறி, தெற்கு வரிசையில் விழும். வருடம் முழுக்க ஒரே கடையின் முன்னால் நின்று, “இங்கே வெளிச்சமே சரியில்லை” என்று அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதிர்ச்சாரிக்குப் போனால் போதும்.

என் நடையில் ஒரு விசித்திரம் உண்டு. காலையில் கிழக்கு நோக்கி நடக்கிறேன், மாலையில் மேற்கு நோக்கி. இரண்டு வேளையும் வெயில் என் முகத்தில்தான். எதிரே வருகிறவர்கள் எல்லோரும் பாதி நிழலுருவாகத்தான் தெரிவார்கள். தலைமுடியின் ஓரத்திலும், காதோரத்திலும், தூக்குவாளியின் விளிம்பிலும் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு. முகம் தெளிவாகத் தெரியாத இந்த வெளிச்சம்தான் நடையையும் தோளின் சாய்வையும் கவனிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது. களைத்தவர் தோளும் கோபக்காரர் தோளும் நூறடி தூரத்திலேயே வேறுபடும். முகம் வேண்டுமென்றால் நின்று திரும்பிப் பாருங்கள்; உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் முகத்தில் முழு வெயில் இருக்கும்.

நடுப்பகலில் எடுக்கக் கூடாது என்று சொல்லித்தருகிறார்கள். வடநாட்டுக்கும் குளிர்நாட்டுக்கும் அது பொருந்தலாம். மதுரை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். மனிதரின் நிழல் காலடியில் சுருண்டுவிடும். இந்த வெயிலில் முகத்தை எடுத்தால் கண்குழியில் கறுப்புதான் மிஞ்சும், உண்மை. ஆனால் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே போய்ப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் அடிக்கும் வெயில் மேல்நோக்கித் திரும்பி, பந்தலுக்குள் இருப்பவர்களின் முகத்தைக் கீழிருந்து மென்மையாக வெளிச்சப்படுத்தும். தார்ப்பாய் நீலமாக இருந்தால் எல்லோரும் நீலம். அதுவும் ஓர் அழகுதான், திருத்த வேண்டாம். மதியம் சாப்பிட்டுவிட்டு மூட்டையில் சாய்ந்து கிடப்பவர்கள், சோற்றுப் போசியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவர்கள், அன்றைய நாளிதழை மூன்றாவது முறையாகப் படிப்பவர் எல்லோரும் இந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறார்கள்.

மழைக்கு ஐப்பசி. மழை பெய்யும்போது எடுப்பதைவிட, விட்டதும் எடுப்பது நல்லது. கடைவாசலில் ஒதுங்கிய கூட்டம், விட்டுவிட்டதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்க்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுகிற காட்சியை வேறெந்தப் பொழுதிலும் பார்க்க முடியாது.

சாம்பிராணிப் புகையில் ஒரு பாடம்

பாடத்தை ஒரே இடத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டுமானால் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். வெள்ளிக்கிழமை காலை கடைகள் திறந்து, முதலாளிகள் கல்லாவுக்குப் பூப் போட்டு முடிக்கிற சமயம், சாம்பிராணி பாய் வருவார். ஒரு கையில் தணல் நிறைந்த தூபக்கால், இன்னொரு கையில் மயிலிறகு விசிறி, தோளில் சாம்பிராணிப் பை. ஒவ்வொரு கடைக்குள்ளும் இரண்டடி நுழைந்து, ஒரு சிட்டிகை தூவி, விசிறிவிட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்.

புகை தனியாக அழகில்லை. பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெயில் வந்தால்தான் புகை வெள்ளையாக எழும். அதற்குப் பின்புலம் இருட்டாகவும் இருக்க வேண்டும். வெளிச்சமான சுவருக்கு முன்னால் நின்றால் புகை இருப்பதே தெரியாது. எனவே வெயில் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே இருண்டு கிடக்கிற ஒரு கடையைப் பாய் வருவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து நில்லுங்கள். கைப்பேசித் திரையில் வெளிச்சம் விழும் இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கீழே இழுத்து, கடையின் உட்புறம் நன்றாகக் கறுக்கும் வரை குறைத்துவிடுங்கள். கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது உள்ளே வரும் வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்தால் ஏறக்குறைய அதே பலன்.

எல்லோரும் புகையோடு பாயை எடுப்பார்கள். எடுங்கள். ஆனால் கேமராவை அதோடு இறக்கிவிடாதீர்கள். அவர் வெளியேறிய பிறகு கடைக்குள் அரை நிமிடம் புகை நிற்கும். அந்த அரை நிமிடத்தில் கடைக்காரர் ஒன்றுமே செய்யமாட்டார். கணக்கு நோட்டைத் திறக்கமாட்டார், போனை எடுக்கமாட்டார், கடைப்பையனைக் கூப்பிடமாட்டார். சிலர் கண்ணை மூடுவார்கள். சிலர் புகையை இரண்டு கையாலும் தங்கள் பக்கம் வாரிக்கொள்வார்கள். எங்கள் வீதியிலேயே அதிகம் கத்துகிற ஒரு மொத்த வியாபாரி, அந்த அரை நிமிடம் மட்டும் தன் அப்பாவின் மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாயை எடுத்த படத்தை யாரிடம் காட்டினாலும் “அருமை” என்கிறார்கள். இந்தப் படத்தைக் காட்டினால் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் பார்க்கிறார்கள்.

முதலில் மேடை, பிறகு ஆள்

ஆளைப் பார்த்ததும் ஆளைத் துரத்துவது புதியவர்களின் வழக்கம். பின்னால் மின்கம்பமும், பாதி வெட்டுப்பட்ட விளம்பரப் பலகையும், யாரோ ஒருவரின் முழங்கையும் சேர்ந்துதான் படத்தில் வரும். மாற்றிச் செய்யுங்கள். நல்ல சுவரையோ படிக்கட்டையோ வெயில் துண்டு விழும் வாசலையோ முதலில் பிடியுங்கள், ஓரங்கள் நான்கையும் சுத்தம் செய்து படத்தின் சட்டத்தை முடிவுசெய்யுங்கள், பிறகு காத்திருங்கள். ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1932இல் பிரான்சின் ஈயேர் ஊரில் எடுத்த படம் ஒன்று உண்டு: சுழன்று இறங்கும் படிக்கட்டு, கீழே தெருவின் வளைவில் விரையும் ஒரு மிதிவண்டி. கணத்தைப் பிடித்தவர் என்று அவரைப் புகழ்கிறோம். படிக்கட்டின் வளைவு எங்கும் ஓடிப்போகாது என்பதையும் சேர்த்துப் புகழ வேண்டும். அதைப் பார்த்துவைத்த கண்ணுக்கு, வந்து சேர வேண்டியது மிதிவண்டி மட்டும்தான்.

காத்திருக்கத் தோதான இடங்களை நம் ஊர்த் தெருக்கள் தாராளமாகக் கொடுக்கின்றன. எனக்குப் பிடித்தது சித்திரை வீதியில் கைப்பேசி ஒப்படைக்கும் இடம். கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்து டோக்கனை நீட்டி, போனைக் கையில் வாங்கும் அந்த ஒரு கணத்தில் முகம் மாறுவதைப் பாருங்கள். நெற்றியில் குங்குமம் ஈரம் காயாமல் இருக்கும். கண்கள் அதற்குள் திரையில் இறங்கியிருக்கும். வரிசையில் பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவராவது உடனே பார்க்காமல் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கோபுரத்தை மறுபடியும் ஒரு முறை கும்பிடுவார். அந்த ஒருவருக்காக நிற்கலாம். அங்கே வாகனமும் வருவதில்லை, நிற்பது சுகம்.

முகத்தை விட்டுவிட்டுப் பார்ப்பது

உணர்ச்சி என்றதும் அழுகையையும் சிரிப்பையும் தேடுகிறோம். தெருவில் பெரியவர்கள் அவ்வளவு எளிதாக அழமாட்டார்கள், முன்பின் தெரியாதவர் முன் சிரிக்கவும் மாட்டார்கள். உணர்ச்சி வேறு இடங்களில் ஒதுங்கியிருக்கும். கையில், முதுகில், ஒருவர் மற்றவருக்கு விடும் இடைவெளியில்.

பூக்கடையில் நில்லுங்கள். நனைத்த வாழைநாரை இழுத்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம் இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து முடிச்சுப் போடும் விரல்களை எல்லோரும் எடுப்பார்கள். நான் பார்ப்பது முழம் போடும் கையை. பூக்கார அக்கா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை அளப்பார். அளந்து முடித்த இடத்தில் நகத்தை வைப்பார். கிள்ளப் போகும் அந்த நேரத்தில், வாங்க வந்தவருடன் சின்னப் பெண் இருந்தால் நகம் இரண்டு விரற்கடை தள்ளிப் போகும். வாங்குகிறவர் பெரும்பாலும் சில்லறை தேடிக்கொண்டிருப்பதால் இது அவர் கண்ணில் படாது. முழத்துக்கும் கிள்ளுக்கும் நடுவே இருக்கிற அந்த இரண்டு விரற்கடையைப் படத்தில் கொண்டுவர, முழங்கையும் நகமும் பெண்ணின் தலையும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கடைக்கு எதிரே நிற்பதைவிடப் பக்கவாட்டில், அக்காவின் தோள் உயரத்துக்குக் குனிந்து நிற்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய நாட்களில் விளக்குத்தூண் பக்கம் வாருங்கள். நகர முடியாது, கேமராவைப் பையிலிருந்து எடுப்பதே பெரும்பாடு, கைப்பேசிதான் சரி. நடைபாதைக் கடையில் அப்பாக்கள் மகனைத் திருப்பி நிறுத்தி, சட்டையின் தோள் தையலை அவன் முதுகில் வைத்து அளவு பார்ப்பார்கள். பையன் முகம் நம் பக்கம். அவனுக்குச் சட்டை தெரியாது, தெரிந்துகொள்ளத் துடிப்பான். அப்பா முகம் சட்டையின் பின்னால். விலையையும் அளவையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கும் முகம். “அடுத்த வருஷத்துக்கும் ஆகும், பெரிதாகவே கொடு தம்பி” என்பார். தோளில் இருந்து கீழே தொங்கும் அந்த அதிகப்படித் துணியை விட்டுவிடாமல் படத்துக்குள் வையுங்கள்.

வழியனுப்புவதைப் படமெடுக்க மாட்டுத்தாவணி. இரவு நேரத்து வெளியூர்ப் பேருந்துகள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் அம்மாவும் உள்ளே இருக்கும் மகளும் பேச வேண்டியதையெல்லாம் முன்பே பேசி முடித்திருப்பார்கள். பத்து நிமிடமாகத் தண்ணீர் பாட்டிலைப் பற்றித்தான் பேச்சு. நடத்துநர் விசில் ஊதியதும் கை தானாக ஜன்னல் கம்பிக்குப் போகும். வண்டி உருளும், அந்தக் கை நாலடி கூடவே நடக்கும். விசிலுக்கும் நாலாவது அடிக்கும் இடைப்பட்ட நேரத்தை மட்டும் எடுங்கள். விசில் கேட்டபின் கைப்பேசியை எடுத்தால் பேருந்தின் பின்பக்கம்தான் கிடைக்கும்.

தேநீர் ஆற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கைக்கும் கைக்கும் நடுவே நீண்டு நிற்கும் அந்தத் தேநீர்க் கயிற்றை ஊரில் எடுக்காதவர் இல்லை. அதே கடையில், கிளாஸைக் கையில் வாங்கிவிட்டு இன்னும் குடிக்காமல் நிற்பவரைப் பாருங்கள்.

கேட்டு எடுப்பதா, கேளாமல் எடுப்பதா

இதில் ஆளாளுக்கு ஒரு கொள்கை. என் வழக்கம் இது. கூட்டமாக இருந்தால், யாரும் தனியாகத் தெரியாவிட்டால், கேட்பதில்லை. ஒருவர்தான் படம் என்றால், எடுப்பதற்கு முன்போ எடுத்த உடனேயோ அவரிடம் போய்ப் பேசிவிடுவேன். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்றால் பெரும்பாலானோர் சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பார்கள். இங்கேதான் பலர், படம் கெட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். அவர் நிற்பதுபோலவே அழகாக ஒரு படம் எடுங்கள், திரையில் காட்டுங்கள், அவருக்குப் பிடிக்காவிட்டால் இன்னொன்று எடுங்கள். அது அவருக்கான படம். அதன்பின் ஊர், பிள்ளைகள், வியாபாரம் என்று பேச்சு போகும். அவர் வேலைக்குத் திரும்புவார். கால் மணி நேரத்தில் நீங்கள் அங்கே இருப்பதே மறந்துபோகும். உங்களுக்கான படம் அப்போது வரும்.

இரண்டையும் அச்சுப் போட்டுக் கொடுங்கள். நாலுக்கு ஆறு அளவு போதும். பூக்கார அக்காவுக்கு, அவர் முழம் அளக்கும் படம் ஒன்றைப் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு, “ரவிக்கை வெளுத்த நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறாயே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார். மறு வெள்ளிக்கிழமை மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலையில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் படம்தான் இப்போது அவருடைய சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கொண்டாடிய படத்தைப் பேத்தி எங்கேயோ வைத்துவிட்டாளாம். நமக்கு அழகாகப் படும் அழுக்கும் கிழிசலும் அவர்களுக்கு மறைக்க வேண்டிய விஷயமாக இருக்கலாம். அதனால் நான் முழப் படத்தை எடுத்தது தவறாகிவிடாது. ஆனால் பட்டுச்சேலைப் படத்தை எடுக்காமல் முழப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நியாயமில்லை.

பெண்ணாகத் தெருவில் கேமராவோடு நிற்பதில் ஓர் அனுகூலமும் ஒரு தொல்லையும் உண்டு. பெண்களும் குழந்தைகளும் என்னைக் கண்டு மிரள்வதில்லை. ஆனால் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றால் யாராவது ஒருவர் வந்து “யாருக்காகம்மா நிற்கிறாய்?” என்று கேட்பார். கையில் காய்கறிப் பை இருந்தால் கேட்கமாட்டார். ஆகையால் படமெடுக்கப் போகும்போது நான் பையில் கால் கிலோ வெண்டைக்காயாவது வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

எடுக்காமல் விடுவதற்கும் ஒரு பட்டியல் இருக்கட்டும். மருத்துவமனை வாசல், சாவு வீட்டு வாசல், தெருவில் உறங்குகிறவர்கள், போதையில் விழுந்து கிடப்பவர்கள், பெற்றோர் பக்கத்தில் இல்லாத குழந்தைகள். இவர்களால் “வேண்டாம்” என்று சொல்ல முடியாது. “வேண்டாம்” என்று சொல்லும் நிலையில் இருப்பவர் சொல்லிவிட்டால், அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள், வாதம் செய்யாதீர்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், அதே தெருவில்தான் நாளைக்கும் நடக்க வேண்டும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

கைப்பேசி என்றால்: லென்ஸைத் துடையுங்கள், பாதிப் படங்களின் மங்கலுக்கு விரல் எண்ணெய்தான் காரணம். விரலால் விரித்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னே நடங்கள். ஒலி குறைக்கும் பொத்தானாலேயே படம் எடுக்கலாம். திரையைத் தேட வேண்டாம்.

கேமரா என்றால் 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று போதும். ஷட்டர் வேகம் நடப்பவர்களுக்கு 1/250 நொடி, மிதிவண்டிக்கு 1/500 நொடி. முழுச்சட்டக் கேமராவில் (சென்சார் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவே இருப்பது) 35 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப்/8இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். அப்புறம் ஃபோகஸ் பற்றிய கவலையே இல்லை. கண் மனிதர்கள் மேல் இருக்கலாம். இதற்கு மேல் கருவியைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் விற்கிறவர்களைக் கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வார்கள்.

பொறுக்கி எடுப்பது

எடுத்த அன்றே படத்தைத் தேர்வு செய்யாதீர்கள். கஷ்டப்பட்டு எடுத்த படம் அன்றைக்கு நல்ல படமாகத் தெரியும். காரி வினோகிராண்ட் என்ற அமெரிக்கத் தெருப்பட நிபுணர் ஃபிலிம் சுருள்களை வேண்டுமென்றே மாதக்கணக்கில் கழுவாமல் வைத்திருப்பாராம். எடுத்தபோது இருந்த மனநிலை மறந்தபின், யாரோ எடுத்த படத்தைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்பதற்காக. 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்களே ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். இரண்டு மூன்று வாரம் ஆறப் போட்டால் போதும்.

தேர்வு செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்தப் படத்தில் ஒருவர் இன்னொருவருக்காகவோ இன்னொன்றுக்காகவோ ஏதாவது செய்துகொண்டிருக்கிறாரா? அப்படியானால் வெளிச்சம் சுமாராக இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். வெளிச்சம் மட்டும் நன்றாக இருந்து வேறொன்றும் இல்லாவிட்டால் நாலு நாள் பார்த்து ரசித்துவிட்டு அழித்துவிடுகிறேன். கறுப்பு வெள்ளையாக்கினால் சுமாரான படம் கனமானதாகத் தோன்றும். அந்த ஏமாற்றில் விழாதீர்கள். எங்கள் ஊரின் பச்சைச் சுவரும், கத்தரிப்பூச் சேலையும், நீலத் தார்ப்பாயும் படத்தில் பாதி விஷயம். வண்ணங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டு, முக்கியமான கையை மறைக்கும்போது மட்டும் நிறத்தை எடுத்துவிடுவேன்.

ஒன்றுமில்லாதவை போலத் தோன்றும் சில படங்களை அழிக்க அவசரப்பட வேண்டாம். கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், போகிற போக்கில் கைப்பேசியில் எடுத்தவை சில என்னிடம் உண்டு. மங்கலானவை, படம் என்று சொல்லிக் காட்ட லாயக்கில்லை. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. இப்போது அங்கே தைத்துக்கொண்டிருக்கும் ஒரு மாமா, தன் இயந்திரத்துக்குப் பின்னால் யாளித் தூண் தெரிகிற படத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒரு யோசனை. ஒரு சிட்டை வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வீதி, நேரம், வெயில் எந்தப் பக்கம், படத்தில் இருப்பவர் பேர், அவர் சொன்ன ஏதாவது ஒரு வாக்கியம். கடைசிக் கட்டத்தில் பாக்கி: யாருக்கு அச்சுப் படம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது. தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போனவர்கள் தெருவில் ஏராளம்; உங்களுக்கு முன்னால் வந்தவர் செய்த அந்தக் காரியத்தால்தான் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் சிட்டையில் இப்போது சுமை தூக்கும் அண்ணனுக்கு ஒரு படம், சாம்பிராணி பாய்க்கு இரண்டு, சட்டை வாங்கிய பையனின் அப்பாவுக்கு ஒன்று பாக்கி. அப்பாவின் முகவரி என்னிடம் இல்லை. அந்த நடைபாதைக் கடைக்காரத் தம்பியிடம் கொடுத்து வைத்தால், அடுத்த தீபாவளிக்கு அவர் துணி வாங்க வரும்போது சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.